கப்பல் பயணத்தின் விருந்து மாலைகளுக்கு இயல்பான ஒப்பனை: மாநிறத்துக்கு எது பொருந்தும்?

கோவைமலர்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கும் புக்கெட்டும் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு, மாமியார், நாத்தனார் குடும்பம் உட்பட அனைவரும் டிசம்பரில் செல்கிறோம். ஒரு மாலை விருந்துக்குரிய முறையான உடையிலும் மற்றொரு மாலை வெள்ளை உடையிலும் வர வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். முதலாவதற்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை, இரண்டாவதற்கு வெள்ளைச் சல்வார் என்று முடிவு செய்துவிட்டேன். முகத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. மாநிறம். மூக்கைச் சுற்றி எண்ணெய் வழியும், கன்னம் வறண்டிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் உண்டு. நெற்றியும் உதட்டோரமும் கன்னத்தை விடச் சற்றுக் கறுத்திருக்கும். வரவேற்பு நிகழ்ச்சிகளுக்குப் பார்லரில் போட்டுவிடும் மேக்கப் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று தனித்தனியாகத் தெரியும். பார்ப்பவர்களுக்கு முகம் களையாக இருப்பதாகத் தோன்ற வேண்டுமே தவிர, மேக்கப் போட்டிருப்பது முதலில் கண்ணில் படக் கூடாது. கப்பல் அறையில் நானே செய்துகொள்ளும் அளவுக்கு எளிதாகவும் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சிங்கைவாசி:

வாருங்கள் சகோதரி. நாங்கள் இங்கிருந்து அவ்வப்போது இந்தப் பயணம் செல்வதுண்டு என்பதால், கப்பலில் ஒப்பனைக்கு எவை இடைஞ்சல் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பூசும் முறையை இங்குள்ள தொழில் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதல் இடைஞ்சல் காற்று. கப்பலுக்குள் நாள் முழுவதும் ஏசி ஓடுவதால் தோல் உலர்ந்து இழுத்துப் பிடிக்கும். மேல்தளத்துக்குச் சென்றால் உப்புக் காற்றும் புழுக்கமும் சேர்ந்து பத்து நிமிடத்தில் முகம் மினுமினுக்கத் தொடங்கிவிடும். விருந்து மாலையில் உணவுக்கூடம், அரங்கு, மேல்தளம் என்று மாறி மாறி நடப்பீர்கள். ஆகவே எண்ணெய்ப் பசைக்கு என்று விற்கும் உலர்ந்த ஃபவுண்டேஷனை (தோல் நிறத்தைச் சீராக்கும் அடித்தளப் பூச்சு) முகம் முழுவதும் பூசினால், உள்ளே கன்னம் வெடித்துத் தெரியும்; பளபளப்புக்கு என்று விற்பதைப் பூசினால், வெளியே நெற்றி வழியும்.

இரண்டாவது வெளிச்சம். பெரும்பாலான அறைகளில் மஞ்சள் விளக்குதான் இருக்கும். உள்பக்க அறை என்றால் ஜன்னலே இல்லை. அந்த விளக்கில் சரியாகத் தெரியும் நிறம், புகைப்படக்காரரின் ஃபிளாஷில் வேறாகத் தெரியும். விருந்து மாலையன்று படிக்கட்டுகளின் அருகிலும் கூடத்திலும் திரை கட்டி, ஸ்டுடியோ விளக்கு வைத்து, வருகிறவர்களை எல்லாம் படம் எடுப்பார்கள் (எடுத்த படத்தை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நாத்தனாரிடமும் சொல்லிவிடுங்கள்). உங்களுக்குப் பால்கனி அறையும் முதல் பந்தி உணவும் கிடைத்திருந்தால் கவலை இல்லை. டிசம்பரில் இந்தப் பக்கம் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஐந்து மணிக்குப் பால்கனிக் கதவருகே கைக்கண்ணாடியுடன் அமர்ந்து இயற்கை வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். இரண்டாம் பந்தி என்றாலும் அடித்தள வேலையை அந்த நேரத்திலேயே முடித்துவிட்டு, கண்ணையும் உதட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். விமானத்தில் திரவப் பொருள்களைப் பெரிய பெட்டியில் வைத்திருப்பீர்கள். கப்பல் ஏறும் முன் அவற்றைக் கைப்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறந்துபோனதைக் கப்பல் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். சுங்க விதிகளின் காரணமாக அந்தக் கடைகள் கப்பல் கடலில் செல்லும்போது மட்டுமே திறந்திருக்கும். கரையில் நிற்கும் நேரத்தில் மூடிவிடுவார்கள். மேலும் நம் நிறத்துக்கு அங்கே தெரிவு குறைவு. ஏறுவதற்கு முந்தைய நாள் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வருவீர்கள் என்றால் முஸ்தபா என்ற பெரிய கடையில் தேடுவது எளிது.

மதுரை ஒப்பனையாளர்:

மணப்பெண் ஒப்பனையைத் தொழிலாகச் செய்கிறேன். மேடையில் தூரத்திலிருந்து தெரிவதற்காகச் செய்யும் வேலை வேறு, உணவு மேசையில் இரண்டடி தொலைவில் அமர்ந்திருப்பவருக்காகச் செய்யும் வேலை வேறு. பார்லரில் உங்களுக்குக் கிடைத்தது முதல் வகை.

உங்கள் கேள்வியிலேயே முக்கியமான செய்தி இருக்கிறது. நெற்றியும் உதட்டோரமும் கன்னத்தை விடக் கறுத்திருப்பது நம் பெண்களில் மிகப் பலருக்கு உண்டு. கடைக்காரப் பெண் கன்னத்தில் தடவிப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பார். அதையே நெற்றியில் பூசும்போது சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். தாடை எலும்பின் ஓரத்தில், கழுத்தோடு சேரும் இடத்தில், மூன்று நிறங்களைப் பக்கம் பக்கமாகக் கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவு செய்யாமல், அரை மணி நேரம் வேறு எதையாவது பார்த்துவிட்டு மறுபடியும் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப்பட்ட பிறகு ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு மறைந்துபோகிறதோ அதுதான் உங்கள் நிறம். இரண்டுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்றால் ஆழமானதை எடுங்கள், வெளிறியதை எடுக்காதீர்கள். 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷனை வெளியிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் ஆழமான நிறங்களைக் கூட்டியிருப்பதால், இப்போது லாக்மே, மேபெலின் போன்றவற்றிலேயே மஞ்சள் சாயலுள்ள மாநிறத்துக்குப் பொருத்தமானது கிடைத்துவிடும். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்பதில்லை.

பூசும்போது, முகம் கழுவி மாய்ஸ்சரைசர் தடவி, அது உள்ளே இறங்கும் வரை புடவை மடிப்பையோ தலைமுடியையோ பாருங்கள். பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் பூசுவது) மூக்கின் இருபுறத்துக்கும் நெற்றியின் நடுவுக்கும் மட்டும் போதும். வறண்ட கன்னத்துக்குத் தேவையில்லை. அடுத்து, ஃபவுண்டேஷனுக்கு முன்பாகவே, கருவளையத்திலும் உதட்டோரத்திலும் ஆரஞ்சு நிறக் கரெக்டரை (கருமையைச் சமன்செய்யும் நிறப் பூச்சு) ஒரு புள்ளி அளவு எடுத்து மோதிர விரலால் ஒற்றுங்கள். இழுக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். நீலமும் பழுப்பும் கலந்த கருமையை ஆரஞ்சுதான் சமன்செய்யும். அதைச் செய்யாமல் கன்சீலரை (குறைகளை மறைக்கும் தோல் நிறப் பூச்சு) மட்டும் அடுக்கினால் கண்ணுக்குக் கீழே சாம்பல் வளையம்தான் மிஞ்சும். கன்சீலர் உங்கள் தோலின் நிறமாகவே இருக்கட்டும். இரண்டு படி வெளுத்ததைப் போட்டுக் கண்ணடியை முக்கோணமாக ஒளிரவைக்கும் வழக்கம் காணொளிகளுக்கு உரியது.

ஃபவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். மூக்கருகிலிருந்து தொடங்கி, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் வெளிப்பக்கம் தட்டிக்கொண்டே செல்லுங்கள். காதருகே வரும்போது ஏறக்குறைய ஒன்றும் இருக்கக் கூடாது. தோல் தெளிவாக உள்ள இடத்தில் தோலே தெரியட்டும். முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கினால்தான் முகமூடித் தோற்றம் வருகிறது. கன்னத்துக்குச் செங்கல் நிறத்திலோ ஆழ்ந்த ரோஜா நிறத்திலோ கிரீம் பிளஷ் வாங்கி, பவுடருக்கு முன்பாக விரலாலேயே ஒற்றிக்கொள்ளுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு பிளஷ்களில் வெண்மை கலந்திருப்பதால் மாநிறத்தில் அவை சுண்ணாம்புத் திட்டாகத் தெரியும். பவுடர் கடைசியில், அதுவும் மூக்கோரம், நெற்றி நடு, முகவாய் ஆகிய இடங்களில் மட்டும். பஃப்பால் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஈரோடு நிலா:

மன்னிக்கவும், கேட்டது இயல்பான தோற்றம். கரெக்டர், கன்சீலர், ஃபவுண்டேஷன், பிரைமர், பவுடர் என்று ஐந்து அடுக்கு பூசிய பிறகு அதில் இயல்பு எங்கே இருக்கிறது? நான் சன்ஸ்கிரீன், கண்மை, லிப்ஸ்டிக், பொட்டு ஆகிய நான்கோடுதான் எல்லா விசேஷங்களுக்கும் போகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. முகத்தில் கருமை இருந்தால்தான் என்ன?

மதுரை ஒப்பனையாளர்:

இருந்தால் ஒன்றும் இல்லை, சகோதரி. உங்கள் நான்கு பொருள் வழி வெள்ளை உடை மாலைக்கு மிகவும் பொருந்தும். நானே அதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். ஆனால் பட்டுப்புடவை மாலையின் நிலைமை வேறு. ஜரிகையும் நகையும் ஒளியை வாரித் திருப்பும். அரக்கு நிறம் முகத்தின் மீது சிவப்பை வீசும். தலைக்கு மேலே சரவிளக்கு எரியும். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியின் நிழலை இருமடங்காகக் காட்டும். நன்றாக உறங்கி எழுந்தவர்கூட அங்கே களைத்தவராகத் தெரிவார். கரெக்டர் அதற்காகத்தான். பொருள்களின் எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; ஒவ்வொன்றும் ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளியாகப் போகிறது. கனமாகத் தெரிவது ஒரே பொருளை எல்லா இடத்திலும் பூசும்போதுதான்.

ஈரோடு நிலா:

அந்த விளக்கம் சரியாகப்படுகிறது. இருந்தாலும் என் பங்குக்கு, ஃபவுண்டேஷனைத் தவிர்த்துவிட்டுக் கரெக்டரையும் கன்சீலரையும் மட்டும் வைத்துப் பார்க்கும்படி கோவைமலருக்குச் சொல்வேன். கன்னம் தெளிவாக இருப்பவர்களுக்கு அது போதும் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

மதுரை ஒப்பனையாளர்:

மறுப்பில்லை. வீட்டிலேயே முகத்தின் ஒரு பாதியை உங்கள் முறையிலும் மறு பாதியை என் முறையிலும் செய்து, ஃபிளாஷ் போட்டும் போடாமலும் அவர் படம் எடுத்துப் பார்க்கட்டும்.

தஞ்சை அம்மாள்:

அறுபதைக் கடந்தவள் என்ற முறையில் உங்கள் மாமியாருக்காக ஒரு சொல். வயதான தோலில் பவுடர் சுருக்கங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சிரித்தால் கண்ணோரம் கோடு கோடாகத் தெரியும். எங்களுக்கு நல்ல மாய்ஸ்சரைசரும் கன்னத்தில் கொஞ்சம் கிரீம் நிறமும் போதும். புருவத்தைக் கன்னங்கரேலென்று தீட்டாமல், அடர்பழுப்பில் இடைவெளிகளை மட்டும் நிரப்பினால் முகம் எடுப்பாக இருக்கும். அவருக்கு முன்பின் வழக்கம் இல்லை என்றால் விருந்தன்று புதிதாக எதையும் பூசிவிடாதீர்கள். புதுப் பொருளைக் காதுக்குப் பின்னால் தடவி ஓரிரு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஃபேஷியல், பிளீச் எதுவானாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே முடித்துவிடுவது நல்லது.

கோவைமலர்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இரண்டு ஐயங்கள். கண்மை இல்லாமல் என்னால் இருக்க முடியாது, ஆனால் ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். மேலும், கப்பலிலேயே ஸ்பாவில் ஒப்பனை செய்துவிடுவார்களாமே, அந்த ஒரு மாலைக்கு மட்டும் அங்கே செல்லலாமா என்று நாத்தனார் கேட்கிறார்.

டொராண்டோ தமிழச்சி:

மயாமியிலிருந்து கரீபியன் பயணம் சென்றபோது நான் அந்த ஸ்பாவில் செய்துகொண்டேன். விருந்தன்று இடம் கிடைப்பது கடினம் என்பதால் ஏறிய அன்றே பதிவு செய்ய வேண்டியிருந்தது. கட்டணத்தின் மீது சேவைத் தொகை தனியாகச் சேர்ந்தது. செய்த பெண் கனிவானவர்தான், ஆனால் அவரிடம் இருந்த பெட்டியில் என் நிறத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டைக் கலந்து பூசினார். படங்களில் நான் மட்டும் தனியாக வெளிறித் தெரிகிறேன். முடித்த கையோடு பூசிய பொருள்களை எல்லாம் வாங்கச் சொல்லி நீண்ட நேரம் பேசினார். போவதென்றால் உங்கள் ஃபவுண்டேஷனையும் கன்சீலரையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அதையே பூசச் சொல்லுங்கள். அப்படிச் செய்தாலும், கண்ணுக்கும் தலைமுடிக்கும் மட்டும் அவர்களை நாடுவதே கொடுத்த பணத்துக்குப் பொருந்தும்.

தலைமுடி என்றதும் நினைவுக்கு வருகிறது. துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைத் தீ விபத்துக்கு அஞ்சிப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை, ஏறும் இடத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். பட்டுப்புடவையை ஊரிலேயே மடித்துத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். ஹேர் டிரையர் அறையில் இருக்கும்.

கண்மை, ஐலைனர் பற்றி: கப்பல் அசையும்போது நின்றுகொண்டு கோடு இழுக்க முயலாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, ஒரே இழுப்பாக அல்லாமல் இமை ரோமங்களுக்கு இடையே சிறு சிறு புள்ளிகளாக வைத்து, பிறகு இணைத்துவிடுங்கள். அசைவில் கை நழுவினாலும் ஒரு புள்ளிதான் கெடும். மலாக்கா நீரிணைப் பகுதி பெரும்பாலும் அமைதியானது என்பதால் உங்களுக்கு இது பெரிய தொல்லையாக இராது.

குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஸ்கோபொலமைன் ஒட்டுப்பட்டையை மருத்துவர் யாருக்கேனும் எழுதிக் கொடுத்திருந்தால் ஓர் எச்சரிக்கை. அதைத் தொட்ட விரலால் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். பட்டையைத் தொட்ட பிறகு கையைச் சோப்பால் நன்றாகக் கழுவாமல் கண் ஒப்பனைக்குப் போகக் கூடாது.

மதுரை ஒப்பனையாளர்:

கண்மை இறங்குவதற்குப் பெரும்பாலும் கண்மை காரணம் அன்று. கண்ணுக்குக் கீழே தடவிய மாய்ஸ்சரைசரும் கிரீமும்தான் அதை இளக்குகின்றன. கீழிமையின் ஓரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, நீர்புகாத காஜலை இட்டு, அதன் மீதே அடர்பழுப்பு ஐஷேடோவை மெல்லிய பிரஷால் தட்டுங்கள். பவுடர் அதைப் பிடித்துக்கொள்ளும், கோடும் சற்று மங்கி மென்மையாகத் தெரியும். கருவளையம் உள்ளவர்கள் கீழே அழுத்தமாகத் தீட்டினால் கண் இன்னும் உள்ளே போனதாகத் தெரியும். மேலிமையில் அழுத்தமும் கீழே மெலிவும் என்று மாற்றிக்கொண்டால் கண் விரிந்திருக்கும். அரக்குப் பட்டுக்கு இமை மீது செம்பு நிறம் ஒன்று போதும், ஜிகினா வேண்டாம்.

உதட்டுக்கு உங்கள் உதட்டு நிறத்தை விட ஒன்றிரண்டு படி ஆழமான பழுப்பு ரோஜா நிறம் எடுங்கள். ஏசியில் பளபளப்பில்லாத திரவ மேட் லிப்ஸ்டிக் வெடிக்கும், ஆகவே கிரீம் வகையை ஒரு முறை இட்டு, டிஷ்யூவில் அழுத்தி எடுத்துவிட்டு, மறுபடியும் மெலிதாக இடுங்கள். அரங்கிலிருந்து வெளியே வந்து முகம் மினுங்கினால் உடனே காம்பாக்டை எடுக்காதீர்கள். வியர்வை மீது பவுடர் அப்புவது, ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது. சற்று நேரத்தில் திட்டுத்திட்டாகப் பெயரும். முதலில் டிஷ்யூவை முகத்தில் அழுத்தி எடுங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும்.

கடலூர் மருந்தாளர்:

ஒப்பனை பற்றி எனக்குத் தெரியாது. மனைவிக்காக இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். சன்ஸ்கிரீனை யாரும் விரிவாகத் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். டிசம்பரில் புக்கெட்டில் மழைக்காலம் முடிந்து வெயில் நன்றாக இருக்கும். பகலில் படகிலும் கடற்கரையிலும் இருந்து தோல் காய்ந்து சிவந்துவிட்டால், மாலையில் எந்தப் பூச்சும் சீராக உட்காராது. எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீனின் காப்பு அளவு எண்) 30 உள்ளதை முறையாகப் பூசினால் எரிவெயிலின் புறஊதா பி கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும் 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். எண்ணை விட முக்கியம், போதிய அளவு பூசுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் நீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூசுவதும். ஸ்நார்கெல் கண்ணாடி பதிந்த தடம் கண்ணைச் சுற்றி வெகு நேரம் நிற்கும், ஆகவே விருந்து அதே மாலையில் என்றால் அதை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

பகலுக்கு உரியது வேறு, இரவுக்கு உரியது வேறு என்பதையும் கவனியுங்கள். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு கலந்த சன்ஸ்கிரீன்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், ஃபிளாஷ் படத்தில் முகம் மட்டும் வெள்ளையாக விழும். இருட்டிய பிறகு அதற்குத் தேவையும் இல்லை. மாலையில் முகத்தை நன்றாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

மதுரை ஒப்பனையாளர்:

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. சிலிக்கா மிகுந்த நிறமற்ற வெள்ளைப் பவுடர்களும் அதையே செய்யும். நேரில் ஒன்றும் தெரியாது, படத்தில் மூக்கும் கண்ணடியும் வெளுத்துவிடும். மஞ்சள் சாயலுள்ள பவுடரே நமக்குப் பாதுகாப்பு.

கோவைமலர்:

நேற்று மாலை முகத்தை இரண்டாகப் பிரித்துச் செய்து பார்த்தேன். வீட்டு விளக்கில் ஈரோடு நிலா அவர்களின் பக்கம்தான் எனக்குப் பிடித்திருந்தது; ஃபிளாஷ் படத்தில் உதட்டோரக் கருமை தெரிந்ததால் மதுரை அக்காவின் பக்கம் வென்றது. ஆகவே பட்டுப்புடவைக்கு மெல்லிய ஃபவுண்டேஷன், வெள்ளை மாலைக்குக் கரெக்டரும் கன்சீலரும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஸ்பா வேண்டாம் என்று நாத்தனாரும் ஒப்புக்கொண்டுவிட்டார். இறுதியாக ஒன்று: வெள்ளைச் சல்வாரின் கழுத்தில் கறை படியாமல் இருக்க என்ன செய்வது? மேல்தளத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் வியர்க்கும் என்றும் நினைக்கிறேன்.

மதுரை ஒப்பனையாளர்:

தலைவழியாகப் போடும் உடை என்றால் உடையை உடுத்திய பிறகே ஒப்பனையைத் தொடங்கி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே எதையும் பூச வேண்டாம். நிறம் பொருந்தியிருந்தால் கழுத்துக்குத் தேவையே இல்லை. முடித்ததும் ஒப்பனையைக் கலையாமல் வைக்கும் செட்டிங் ஸ்பிரேயை ஒரு கை தூரத்திலிருந்து தெளித்து, காயும் வரை முகத்தைத் தொடாமல் இருங்கள். வியர்த்தால் துப்பட்டாவால் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றுங்கள். பொட்டு, ஸ்டிக்கராகவே இருக்கட்டும். நெற்றியின் அந்த இடத்தில் மட்டும் கிரீமும் பவுடரும் படாமல் விட்டால் உரியாமல் நிற்கும். கைப்பையில் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.